சனிக்கிழமை நாங்கள் ஏன் வரவில்லை

ஹெல்வேர் தீவு
செப்டம்பர், புதன்கிழமை காலை

அன்புள்ள சில்யே,

ரூனா நலமாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதை எழுதும்போது சமையலறை மேசைக்கு அடியில் உட்கார்ந்து கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். மேலே படிக்கும்போது எங்கேயாவது நெஞ்சு அடைத்தால் இந்த வரிக்குத் திரும்பி வாருங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். எழுதுவதை நிறுத்திக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை நீங்கள் சிறையின் வருகை வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்திருப்பீர்கள். நாங்கள் வரவில்லை. என்ன நடந்தது என்று ஐவின் துறைமுகத்திலிருந்தே சிறை அலுவலகத்துக்குப் போன் செய்து முழுதாகச் சொன்னார். ஆனால் உங்களுக்கு வந்து சேர்ந்தது "இன்னைக்கு அவங்க வரலயாம்" என்கிற ஒற்றைப் பேச்சு மட்டும்தான் என்பது நேற்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வரவில்லை. நேற்றும் வரவில்லை. நாங்களே கூப்பிட்டுக் கேட்டோம். பேசிய அதிகாரி நல்ல பெண். "இதையெல்லாம் நான் சொல்லக் கூடாது. ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்கறாங்க. தட்டு அப்படியே திரும்பி வருது" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

ஐவின்தான் எழுதுவதாக இருந்தது. உட்கார்ந்து உங்கள் பெயரை எழுதினார், எழுந்து வெளியே போய்விட்டார். கப்பலில் அவர் இல்லை, நான்தான் இருந்தேன். அதனால் நான்தான் எழுத வேண்டும். நாம் இருவரும் பேசிக்கொண்டதே குறைவு. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருகை வீட்டு வாசலில் ரூனாவின் கையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நேரம் முடியும்வரை காரில் உட்கார்ந்திருப்பவள் தொருன். உங்களுக்கு என்னைத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்களும் ஐவினும் பிரிந்து, அதன் பிறகு சாலையில் அந்த விபத்து நடந்து, நீங்கள் உள்ளே போன பின்புதான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். ஊரில் வேறு மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. அதனால் இதையும் எழுதிவைக்கிறேன்.

போன மாதம் நீங்கள் எழுதியதை ஐவின் எனக்கும் படித்துக் காட்டினார். அவள் முதல் அடி எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை, முதல் வார்த்தையும் போனில்தான் கேட்டேன், இந்த ஒன்றையாவது ஒரே ஒரு தடவை நான் செய்ய வேண்டும், இங்கே குழந்தைகளுக்கென்று தாழ்வாக ஒரு கழிப்பறை இருக்கிறது, டயபர் இல்லாமல் கூட்டிவாருங்கள், நானே அவளை உள்ளே அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் அன்றைக்கே அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். மீன் படம் போட்ட ஜட்டிகளை அவளே எடுத்தாள்.

வீட்டில் நன்றாகவே பழகிக்கொண்டாள். பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டி வாங்கினோம். அவளுக்கு அதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைப்பாள். கால்சட்டையையும் ஜட்டியையும் முழுதாகக் கழற்றிப் பக்கத்தில் போடுவாள். பிறகு உட்காருவாள். கக்கா வந்தால் அந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டாள், முகம் சிவந்து சிலை மாதிரி இருப்பாள். எல்லாம் ஆனதும் "முடிஞ்சிருச்சு" என்று கூப்பிடுவாள். யாராவது வந்து துடைத்துவிடும்வரை இடத்தை விட்டு அசைய மாட்டாள்.

வெளியே போனால்தான் பாடு. கடையில் உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் நனைத்துவிட்டாள். நூலகத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பொதுக் கழிப்பறை என்றாலே அவளுக்கு நடுக்கம், தண்ணீர் இறங்குகிற சத்தம்தான் காரணம். அதனால் சட்டியைக் காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டே திரிந்தோம். மழையில் சாலை ஓரமாகக் காரை நிறுத்தி, அவள் உட்கார்ந்திருக்க நான் குடை பிடித்துக்கொண்டு நின்றதை எல்லாம் உங்களுக்கு நேரில் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஐவினுக்கு மீன் பண்ணையில் வேலை. கிளம்பும்போது, "ஃபெரிக்கு மட்டும் டயபர் போட்டுவிடு. அங்க போய்க் கழட்டிக்கலாம்" என்றார். நான் கேட்கவில்லை. டயபர் போட்டால் அவள் பழகியதை மறந்துவிடுவாள், உங்கள் முன்னால் போய் நிற்கும்போது வராது என்று நினைத்தேன். காலையிலிருந்து அவளிடம், "இன்னைக்கு அம்மாவுக்குக் காட்டப் போறோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் வண்டியில் போகும்போதெல்லாம் தன் வயிற்றைத் தட்டி, "அம்மாக்கு" என்றாள்.

கடல் அன்றைக்கு அப்படியொன்றும் மோசமில்லை. காற்று கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். காரைக் கீழ்த் தளத்தில் நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து சட்டியை எடுத்தேன், மேலே எல்லார் நடுவிலும் இதைத் தூக்கிக்கொண்டு போவதா என்று திரும்ப வைத்துவிட்டேன். இப்போது யோசித்தால், மொத்தமும் அந்த இடத்தில்தான் தொடங்கியது. அவள் நான் எடுத்ததையும் பார்த்தாள், வைத்ததையும் பார்த்தாள்.

மேலே கேண்டீனில் அவளுக்குச் சுவேலே அப்பம் வாங்கினேன், பழுப்புச் சீஸ் வைத்தது. பாதி தின்றாள். பிறகு தின்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து தன்னையே பார்த்தாள். இருக்கை நனைந்துவிட்டது. எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த பெர்கன் நகரத்துக்காரர் ஒருவர், பெரிய குரல், கெட்ட மனிதர் இல்லை, "என்ன பாப்பா, கப்பல்ல ஓட்டை விழுந்துடுச்சா? கேப்டன்கிட்ட சொல்லணுமே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வாய் கோணிச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ரூனா சிரிக்கவில்லை. காதுவரை சிவந்து என் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கழிப்பறைக்குக் கூட்டிப்போய் உலர்ந்ததை மாற்றிவிட்டேன். இருக்கையில் உட்காரவே மாட்டேன் என்றாள். அடுத்த அறையில் யாரோ தண்ணீர் இறக்கினார்கள். கப்பலில் அது எப்படி உறுமும் என்று உங்களுக்குத் தெரியும். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். சரி, வேண்டாம் என்று இறக்கிவிட்டு, நனைந்த கால்சட்டையைக் குழாயில் அலசினேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையை உதறியபோது சுவரில் இருந்த கை உலர்த்தும் இயந்திரம் தானாகக் கத்த ஆரம்பித்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, காத்துதான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கதவு ஆடிக்கொண்டிருந்தது. அவள் இல்லை.

முதலில் பயப்படவில்லை. எங்கள் மேசைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். மேசையில் பாதி சுவேலே மட்டும் இருந்தது. குழந்தைகள் விளையாடும் மூலையில் இரண்டு பையன்கள் இருந்தார்கள், அவள் இல்லை. மேசைகளுக்கு அடியில் பார்த்தேன். கேண்டீன் பெண் கல்லாவை விட்டு வந்து அவளும் குனிந்து பார்த்தாள். "பயப்படாதீங்க, கப்பல்ல எங்க போயிடப் போறா" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சின்ன இடம் உண்டு. ஒரு பக்கம் கார்த் தளத்துக்கு இறங்கும் கனத்த கதவு. இன்னொரு பக்கம் வெளித் தளத்துக்குப் போகும் கதவு. சிகரெட் பிடிக்கப் போன யாரோ அதைக் கொக்கி போட்டுத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தத் திறந்த கதவின் நிலைப்படி ஓரமாக ரூனாவின் பூட்ஸ் இருந்தது. ஜோடியாக, நுனி கடலைப் பார்த்தபடி. பக்கத்தில் கால்சட்டை. மீன் ஜட்டி காற்றில் நகர்ந்து வெளித் தளத்துக்குப் போய், கம்பிக்குக் கீழே ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது.

சில்யே, அந்த நேரத்தை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. கத்தினேனா என்றால் இல்லை. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். கப்பல் கிழித்துக்கொண்டு போன தண்ணீர் வெள்ளையாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அதில் அவள் மஞ்சள் ஸ்வெட்டரைத் தேடினேன். ஒவ்வொரு நுரையும் மஞ்சளாகத் தெரிந்தது. கம்பியின் கீழ் இடைவெளி எவ்வளவு என்று கையால் அளந்து பார்த்தேன். அவள் தலை அதில் நுழையும். அதைத் தெரிந்துகொண்ட கை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் கோட்டை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். கேண்டீன் பெண்தான். நான் ஏறப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஏறப் போனேனா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு மணி அடித்தது. ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். குரல் நடுங்காமல்தான் பேசினார். ஒரு குழந்தை கடலில் விழுந்திருக்கலாம், இரண்டு பக்கமும் எல்லாரும் தண்ணீரைப் பாருங்கள், கண்ணை எடுக்காதீர்கள் என்றார். கப்பல் சாய்ந்து திரும்பியது. கேண்டீனில் தட்டுகள் விழுந்து உடைந்தன. சின்னப் படகை இறக்கினார்கள். அந்தப் பெர்கன்காரர் வெளித் தளத்துக்கு வந்து, இடுப்புவரை கம்பிக்கு வெளியே சாய்ந்துகொண்டு, "ரூனா, ரூனா" என்று கூப்பிட ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. கடைசியில் அவருக்குக் குரல் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

சுன்னிவா என்று ஒரு மாலுமிப் பெண், ரொம்ப இளையவள், என்னிடம் வந்து, "கார்த் தளத்துல பாத்துட்டேன். எல்லாக் கார் அடியிலும் டார்ச் அடிச்சுப் பாத்தேன். கூப்பிட்டேன். பதில் இல்ல" என்றாள். எங்கள் காரையும் பார்த்திருக்கிறாள், நான் பூட்டியது பூட்டியபடி இருந்தது. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வந்து கடலை மட்டும் திறந்து வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்போது உங்களை நினைத்தேன். பொய் சொல்லவில்லை. குழந்தையை நினைப்பதற்கு இடையில் உங்களைத்தான் நினைத்தேன். அந்த வருகை வீட்டில் நீங்கள் தலை வாரிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். யார் போய் எப்படிச் சொல்வார்கள். உங்கள் குழந்தையை என் கையில் விட்டிருந்தீர்கள். நீங்களாக விடவில்லை, வேறு வழி இல்லாமல் விட்டிருந்தீர்கள். அது இன்னும் பெரிய பொறுப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னால் மேலே நிற்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்தால் தண்ணீர் என்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சுன்னிவாவிடம், இன்னொரு தடவை கீழே பார்க்கலாம் என்றேன். "வாங்க" என்றாள், மறுக்கவில்லை. கார்த் தளத்தில் இயந்திரம் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. நான் எண்ணெய்த் தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். சக்கரங்கள், சங்கிலி, தேங்கிய தண்ணீர். வேறு ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் கேப்டன் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கடலில் அழுகைச் சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று பார்க்க. கப்பல் முழுக்க அடங்கிவிட்டது. நான் தரையில் கன்னத்தை வைத்தபடியே கிடந்தேன்.

அப்போது கேட்டது. கோபமாக, அலுத்துப்போன குரலில்: "அம்மா, முடிஞ்சிருச்சு."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்திருக்கவே இல்லை. சுன்னிவா என் தோளைப் பிடித்தாள். "உங்களுக்கும் கேட்டுச்சா" என்றாள். மறுபடியும் கேட்டது. "முடிஞ்சிருச்சுன்னு சொல்றேன்ல."

எங்கள் கார் சிவப்பு, நீளமானது. அடுத்த வரிசையில் அதே மாதிரி இன்னொரு சிவப்புக் கார். என்னைத் தவிர நம் தீவுக்காரர்கள் யாரும் கார் பூட்டுவதில்லை. அதன் பின்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே, முன் இருக்கைக்குப் பின்னால் தரையில், காட்டுப் பழம் பறிக்கிற வெள்ளை வாளி ஒன்று. அதன்மேல் மஞ்சள் ஸ்வெட்டரும் வெறும் காலுமாக ரூனா உட்கார்ந்திருந்தாள். குளிரில் முழங்கால் நீலமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், துடைத்துவிடுவதற்காக எழுந்து திரும்பி நின்றாள்.

நடந்தது என்ன என்று பிறகு சேர்த்துப் பார்த்தோம். கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். ஓடிய இடத்தில் வயிறு முட்டியிருக்கிறது. மறுபடி எல்லார் முன்னாலும் நனைத்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் சட்டி காரில் இருக்கிறது என்றும் தெரியும். பூட்ஸையும் கால்சட்டையையும் வீட்டில் செய்கிற மாதிரியே கழற்றி வைத்துவிட்டு, யாரோ கதவைத் திறந்துகொண்டு இறங்கியபோது கூடவே இறங்கியிருக்கிறாள். காரைத் தேடிப் போயிருக்கிறாள். கார் தவறு, மற்றதெல்லாம் சரி. சுன்னிவா கூப்பிட்டபோது அவள் பதில் சொல்லாததும் வழக்கம்தான். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாளோ, இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, சில்யே. நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாள். எனக்கு இன்னமும் பயமாக இருப்பது அதனால்தான்.

அவள் 'அம்மா' என்று கூப்பிட்டதைச் சொல்லிவிட்டேன். என்னை அவள் தொருன் என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை உங்களுக்கு மட்டும்தான். அன்று காலை முழுக்க அம்மாவுக்குக் காட்டலாம், அம்மாவுக்குக் காட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கடலில் குழந்தை என்று வானொலியில் போனதும் தீவிலிருந்த படகெல்லாம் கிளம்பிவிட்டது. மீன் பண்ணையில் ஐவினுக்கும் கேட்டிருக்கிறது. எந்தக் கப்பல், எந்த நேரம் என்று அவருக்குத் தெரியும். வேறு எந்தக் குழந்தை அதில் இருக்கப் போகிறது. வேலைப் படகை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை கிடைத்துவிட்டது என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்களாம், அவர் வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டிருக்கிறார், கேட்கத் தைரியம் இல்லாமல். நான் அவளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெளித் தளத்துக்கு வந்தபோது, கீழே ஆரஞ்சு உடையில் அவர் படகில் எழுந்து நின்று தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், காற்றில் கேட்கவில்லை. அவளைத் தூக்கிக் காட்ட வேண்டும். அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் அவளைக் கொண்டுபோக என் கால் வரவில்லை. கேண்டீன் பெண்ணும் பெர்கன்காரரும் ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தூக்கிக் காட்டினேன். ரூனா அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் படகின் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துறைமுகத்தில் மருத்துவர் பார்த்தார், காவல்துறை வந்து கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சிவப்புக் காரின் சொந்தக்காரர் தச்சர், வாய் திறக்காத மனிதர். நான் வாளியைக் கழுவித் தருகிறேன் என்று நின்றேன். "வாளி கெடக்குது விடும்மா" என்று வாங்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் உங்கள் வருகை நேரம் முடிந்துவிட்டது. அப்படியும் போய் வாசலிலாவது நிற்கலாமா என்று கேட்டேன். ஐவின் என் கையைப் பார்த்தார். காரை ஓட்டுகிற நிலையில் நாங்கள் இருவருமே இல்லை.

நேற்று குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். இந்த மாதிரி நடந்தால் வருவது வழக்கம் என்றார். காப்பி குடித்தார், ரூனாவோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். பிறகு, "அன்னைக்கு டயபர் வேண்டாம்னு யார் முடிவு பண்ணினது" என்று கேட்டார். நான்தான் என்றேன். அது உண்மைதான். உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது நமக்குள் இருக்கட்டும். "நீங்க குழந்தைக்கு என்ன உறவு" என்றும் கேட்டார். ஐவினோடு வாழ்கிறேன் என்றேன். அதை எழுதிக்கொண்டார். அது ஒரு வரிக்குக்கூட வரவில்லை. போகும்போது அன்பாகத்தான் கை கொடுத்தார், ஆனாலும் மறுபடி வருவார். உங்களையும் வந்து பார்ப்பார். உங்களிடமும் கேட்பார். நீங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்ள மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்லை.

ரூனா இப்போது எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகத் தின்கிறாள். தூங்குகிறாள். ஆனால் பச்சைச் சட்டியின் பக்கமே போக மாட்டேன் என்கிறாள். அவள் பயந்தது கப்பலுக்கு இல்லை, எங்கள் அழுகைக்கு. நாங்கள் அவளைக் கண்டுபிடித்தபோது எல்லாரும் அழுதோம், கட்டிப்பிடித்துக்கொண்டோம், ஓடி வந்தோம். கக்கா போனால் இப்படித்தான் பெரியவர்கள் அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடக்கிக்கொண்டு துடித்தாள். சாயங்காலம் நானே டயபரைப் போட்டுவிட்டேன். "சரியா?" என்று என்னைக் கேட்டாள். "சரி" என்றேன். உடனே போனாள். நீங்கள் நேரில் பார்த்து மனம் கஷ்டப்படுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை வரும்போது அவள் டயபரோடுதான் வருவாள். முதலில் அவள் முகத்தைப் பாருங்கள்.

வீட்டில் எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. அவள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால் பின்னாலேயே போகிறேன். ஐவின், "மூச்சு விட விடு அவள" என்கிறார். சொல்லிவிட்டு அவரே எட்டிப் பார்க்கிறார். கப்பல் ஹாரன் அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிடுகிறேன். வரும் சனிக்கிழமை நமக்கு முறை இல்லாத சனிக்கிழமை. ஆனாலும் தவறிப்போன நேரத்துக்குப் பதிலாக அன்றைக்கு வரலாம் என்று அந்த அதிகாரி அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். ஐவின் வேலையை மாற்றிக்கொண்டு கூட வருகிறார். நானும் கப்பலில் ஏறப் பார்க்கிறேன். துறைமுகத்தில் என் கால் நின்றுவிட்டால், அவர்கள் இருவர் மட்டும் வருவார்கள். என்னைக் காணவில்லையே என்று வேறு எதுவும் நினைக்காதீர்கள், கரையில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாளை வியாழக்கிழமை, உங்களுக்குப் போன் நேரம் உண்டு. இந்தக் கடிதத்தை இன்று மதியக் கப்பலில் கொடுத்து அனுப்புகிறேன், நாளைக் காலை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். என் மேல் கோபம் இருந்தால் என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் பேசுங்கள். போனைக் காதில் வைத்தால் அவள் வாயே திறப்பதில்லை என்று முன்பு ஐவினிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவள் சும்மா இருப்பதில்லை, சில்யே. நீங்கள் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறாள். உங்களுக்குத்தான் அது கேட்பதில்லை. நாளைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையாட்டுகிறபோதெல்லாம் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடுங்கள். சாப்பிட்டீர்களா என்று அவளைக் கேட்கச் சொல்லப் போகிறேன், நீங்கள் அவளிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.

நீங்கள் நல்லபடியாக வீடு வந்து சேரும் நாளுக்காக இங்கே நாங்கள் மூவரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

தொருன்